வயிற்று நோயும் மனச்சோர்வும்: ஐ.பி.எஸ். உள்ளவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எனக்கு ஐ.பி.எஸ். (Irritable Bowel Syndrome) என்னும் குடல் கோளாறு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நடுவில் ஏறக்குறைய ஓராண்டு மனச்சோர்விலும் கிடந்தேன். அதை மனச்சோர்வு என்று அப்போது நானும் அறியவில்லை. என் வயிற்றைப் பார்த்த மருத்துவர்களும் மனத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன் பிறகு உறவினர்களும் உடன் வேலை செய்பவர்களும், அவர்கள் சொல்லி என்னைத் தேடி வந்தவர்களும் கேட்ட கேள்விகளையே இங்கே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் உங்களைப் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியவை.

எல்லாப் பரிசோதனையும் நார்மல், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்படியென்றால் எனக்கு நோயே இல்லையா?

நோய் இருக்கிறது. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கொலனோஸ்கோப்பி ஆகியவை குடலில் புண்ணோ கட்டியோ அழற்சியோ உண்டா என்றுதான் பார்க்கின்றன. குடல் எந்த வேகத்தில் இயங்குகிறது, அதன் நரம்புகள் எவ்வளவு கூர்மையாக உணர்கின்றன என்பவை அந்தப் படங்களில் தெரிவதில்லை. ஐ.பி.எஸ். என்பது அந்த இயக்கத்திலும் உணர்விலும் ஏற்படும் கோளாறு. தமிழில் இதைக் 'குடல் எரிச்சல் நோய்' என்று எழுதுவதால், நெஞ்செரிச்சலோடும் அசிடிட்டியோடும் சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள், இரண்டும் வேறு.

இந்த நோயைக் கண்டறிய வல்லுநர்கள் வகுத்து 2016-இல் வெளியான 'ரோம் 4' வரையறை, கடந்த மூன்று மாதங்களாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி வர வேண்டும் என்கிறது. அதோடு, வலி மலம் கழிப்பதோடு சேர்ந்து கூடுவது அல்லது குறைவது, கழிக்கும் எண்ணிக்கை மாறுவது, மலத்தின் இறுக்கம் மாறுவது ஆகிய மூன்றில் இரண்டாவது இருக்க வேண்டும். தொல்லை தொடங்கி ஆறு மாதங்களாவது ஆகியிருக்க வேண்டும். சிலருக்குப் பேதி, சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்கு இரண்டும் மாறி மாறி வரும்.

'ஒன்றுமில்லை' என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். புற்றுநோய் இல்லை, புண் இல்லை, பயப்படாதீர்கள் என்பதைத்தான் மருத்துவர் அப்படிச் சுருக்கமாகச் சொல்கிறார். ஆனால் காலையில் நான்கு முறை கழிவறைக்குப் போய்விட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பவருக்கு அது 'நீ பொய் சொல்கிறாய்' என்று கேட்கிறது. வீட்டுக்குத் திரும்பியதும் குடும்பத்தாரும் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். நான் பேசிய பலருக்கு மனச்சோர்வின் முதல் விதை விழுந்தது அந்த நாளில்தான்.

வயிற்றுக்கும் மனத்துக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?

உண்டு, நம் மொழிக்கு அது முன்பே தெரியும். பயந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்கிறோம், நல்ல செய்தி கேட்டால் வயிற்றில் பால் வார்த்தீர்கள் என்கிறோம். இவை வெறும் உவமைகள் அல்ல என்பதை உடற்கூறு காட்டுகிறது. உணவுக்குழாயிலிருந்து ஆசனவாய் வரை குடற்சுவருக்குள் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளில், உடலிலுள்ளதில் ஏறக்குறைய 90 விழுக்காடு குடலில்தான் இருக்கிறது. அங்கே அது குடலின் அசைவையும் உணர்வையும் நடத்துகிறது. மூளையையும் குடலையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பாலானவை வயிற்றிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு போகின்றன. மூளை வயிற்றுக்கு இடும் கட்டளைகளைவிட, வயிறு மூளைக்கு அனுப்பும் செய்திகளே அதிகம்.

ஐ.பி.எஸ். உள்ளவர்களிடம் இந்தச் செய்திகள் உரக்க ஒலிக்கின்றன. மலக்குடலுக்குள் சிறிய பலூனை வைத்துக் காற்றை ஏற்றிப் பார்க்கும் ஆய்வுகள் 1970-கள் முதலே நடந்து வருகின்றன. மற்றவர்கள் வெறும் அழுத்தமாக உணரும் அளவிலேயே ஐ.பி.எஸ். உள்ளவர்களில் பலர் வலி என்கிறார்கள். வலியைக் கேட்டுக்கொண்டே இருக்கும் மூளை எச்சரிக்கையாகவே இருக்கிறது. எச்சரிக்கையான மூளை சுரக்கச் செய்யும் ஹார்மோன்கள் குடலை மேலும் கலக்குகின்றன. இந்தச் சுற்று மாதக்கணக்கில் ஓடினால் தூக்கமும் தெம்பும் குறைந்துகொண்டே வரும். பிறகு ஒரு நாள், எதிலும் ஆசை இல்லாமல் போய்விட்டதை மனிதர் கவனிக்கிறார்.

எது முதலில் வருகிறது? கவலைப்பட்டுக் கவலைப்பட்டுத்தான் எனக்கு வயிறு கெட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள்.

சிலருக்கு அப்படி நடக்கிறது, எல்லோருக்கும் அல்ல. ஆஸ்திரேலியாவில் பொதுமக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் இரண்டு வழியும் தெரிந்தன. கவலையும் சோர்வும் இருந்தவர்களில் சிலருக்குப் பிறகு குடல் கோளாறு வந்தது. மனம் நன்றாக இருந்தும் குடல் கோளாறு வந்தவர்களில் சிலருக்குப் பிறகு கவலையும் சோர்வும் வந்தன.

வயிற்றுத் தொற்றிலிருந்து தொடங்கும் ஐ.பி.எஸ். இதற்குத் தெளிவான சான்று. 2000-ஆம் ஆண்டில் கனடாவின் வாக்கர்டன் என்ற சிற்றூரில் குடிநீரில் கிருமி கலந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். எட்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஐ.பி.எஸ். தொடர்ந்தது. மழைக்காலத்தில் குழாய்த் தண்ணீரில் கழிவுநீர் வாடை அடித்த அனுபவம் உள்ள சென்னைவாசிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு வாரப் பேதி, அதன் பின் ஆண்டுக்கணக்கில் நிலைகொள்ளாத வயிறு என்று தம் கதையைத் தொடங்குபவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன்.

2021-இல் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஐ.பி.எஸ். நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்த ஒரு பெரிய ஆய்வு, இந்த நோயோடு தொடர்புடைய மரபணுப் பகுதிகள் சிலவற்றுக்கு மனப்பதற்றத்தோடும் மனச்சோர்வோடும் தொடர்பு இருப்பதைக் கண்டது. பதற்றம்தான் வயிற்றைக் கெடுக்கிறது என்று இதற்குப் பொருள் அல்ல. இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்திருக்கலாம் என்பதே அந்த ஆய்வாளர்கள் சொன்னது. ஆகவே 'நீயே வரவழைத்துக்கொண்டது' என்று யார் சொன்னாலும் அது அறிவியலும் அல்ல, நியாயமும் அல்ல.

ஐ.பி.எஸ். உள்ளவர்களில் எத்தனை பேருக்கு மனச்சோர்வு வருகிறது?

2019-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஏறக்குறைய 29 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும், 39 விழுக்காட்டினரிடம் பதற்றத்தின் அறிகுறிகளும் இருந்தன. இந்த நோய் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் வாய்ப்பு மூன்று மடங்கு. பெரும்பான்மையோருக்கு மனச்சோர்வு இல்லை என்பதையும் இதே கணக்கு சொல்கிறது, ஆகவே ஐ.பி.எஸ். என்றாலே மனநோய் என்ற எண்ணம் தவறு.

என் சோர்வு வயிற்றால் வந்த களைப்பா, மனச்சோர்வா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்ள வேண்டும். 'மன அழுத்தம்' என்று நாம் எல்லாவற்றுக்கும் சொல்லிவிடுகிறோம். தேர்வு, கடன், மேலாளரின் கெடுபிடி ஆகியவற்றால் வருவது மன அழுத்தம். காரணம் விலகினால் அதுவும் பெரும்பாலும் விலகும். மனச்சோர்வு என்பது தனி நோய். அது இரண்டு வாரங்களுக்கு மேல், ஏறக்குறைய நாள் முழுவதும், ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் இருக்கும்.

மருத்துவர்கள் முதலில் கேட்கும் இரண்டு கேள்விகளை நீங்களே உங்களிடம் கேட்டுக்கொள்ளலாம். கடந்த இரண்டு வாரங்களில், வழக்கமாகப் பிடிக்கும் காரியங்களில் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்தீர்களா? மனம் வாடியோ, எதிர்காலத்தைப் பற்றி நம்பிக்கை இழந்தோ இருந்தீர்களா? இவற்றில் ஒன்றுக்கேனும் 'பாதி நாட்களுக்கு மேல் அப்படித்தான்' என்பது விடையானால், மருத்துவரிடம் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

நம்மிடம் ஒரு சிக்கல் உண்டு. பசியின்மை, களைப்பு, தூக்கக் கேடு, எடை மாற்றம் ஆகியவை மனச்சோர்வின் அறிகுறிகள். வயிறு சரியில்லாதவருக்கும் இவையெல்லாம் இருக்கும். அதனால் அவற்றை மட்டும் வைத்து எடை போடாமல், வயிற்றோடு ஒட்டாத அறிகுறிகளைக் கவனிக்கச் சொல்வேன். 'நான் வீட்டுக்குப் பாரம்' என்ற எண்ணம், காரணமில்லாத குற்றவுணர்வு, படித்த வரியையே திரும்பத் திரும்பப் படிப்பது, விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு இருட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது ஆகியவை அப்படிப்பட்டவை. என் அனுபவத்தில் மிகவும் உதவிய அளவுகோல் இது: வயிறு ஒழுங்காக இருக்கும் நாளில் மனம் எப்படி இருக்கிறது? வெறும் களைப்பென்றால், நல்ல நாளில் மனிதர் எழுந்து நடமாடுவார், காபியின் மணம் பிடிக்கும், நண்பனை அழைக்கத் தோன்றும். மனச்சோர்வென்றால் வயிறு அமைதியாக இருக்கும் நாளும் சாம்பல் பூத்ததாகவே கழியும். எனக்கு அந்த ஆண்டு மார்கழியில் வயிறு மூன்று வாரம் தொல்லையே தரவில்லை. அந்த மூன்று வாரத்தில் ஒரு நாளும் எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை.

தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைவு ஆகியவையும் சோர்வைப் போலவே தோற்றம் தரும். பி12 குறைவு சைவ உணவுக்காரர்களிடம் அதிகம். இவற்றுக்கான ரத்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்வது நல்லது.

வெளியே கிளம்பவே பயமாக இருக்கிறது. இதுவும் மனச்சோர்வுதானா?

தொடக்கத்தில் இது பயம். நீடித்தால் மனச்சோர்வுக்கு வழி விடும். தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை ஓடும் மின்சார ரயிலில் கழிவறை கிடையாது. சாப்பிட்டவுடன் பெருங்குடல் அசைவது எல்லோருக்கும் இயல்பு, ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்கு அது மிகையாக நடக்கிறது. அதனால் காலைப் பலகாரத்தையே விட்டுவிட்டு ரயிலேறுகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த நிலையத்தில் இறங்கினால் கழிவறை திறந்திருக்கும், எந்த மெட்ரோ நிலையம் பக்கத்தில், எந்த உணவகத்தில் கேட்காமல் உள்ளே போகலாம் என்று நகரத்துக்கே தனி வரைபடம் ஒன்று அவர்கள் தலைக்குள் இருக்கிறது. எனக்கும் இருந்தது. மாம்பலத்தில் இறங்கி அடுத்த வண்டிக்கு ஏறிய நாட்கள் கணக்கில் இல்லை.

கடைகளில் நாள் முழுதும் நின்று வேலை செய்யும் பெண்களின் நிலை இதைவிடக் கடினம். வேலையிடத்தில் உட்காரும் உரிமையைத் தமிழ்நாடு 2021-இல் சட்டமாக்கியது. ஆனால் அடிக்கடி கழிவறைக்குப் போக வேண்டியிருக்கிறது என்று மேற்பார்வையாளரிடம் சொல்லும் கூச்சத்துக்குச் சட்டத்தில் மருந்தில்லை. ஐ.பி.எஸ். பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது, மாதவிலக்கு நாட்களில் தொல்லை கூடுவதும் உண்டு. அதனாலேயே 'அந்த வலிதான்' என்று தள்ளிவிடப்படுகிறது.

கவனிக்க வேண்டியது, விட்டுவிட்டவற்றின் பட்டியல் எப்படி நீள்கிறது என்பதைத்தான். முதலில் நீண்ட பேருந்துப் பயணம் போகும், பிறகு கல்யாண வீட்டுச் சாப்பாடு, பிறகு கல்யாணமே. நண்பர்கள் அழைப்பதை நிறுத்துவார்கள். மகிழ்ச்சி தரக்கூடியவை எல்லாம் ஒவ்வொன்றாக வாழ்க்கையிலிருந்து வெளியேறிய பின் மிஞ்சும் வெறுமையில் மனச்சோர்வு குடியேறுகிறது. கடந்த ஆறு மாதங்களில் வயிற்றுக்காக எவற்றை விட்டீர்கள் என்று எழுதிப் பாருங்கள். அந்தப் பட்டியலை மருத்துவரிடமும் காட்டலாம். நீளமான விளக்கத்தைவிட அது தெளிவாகப் பேசும்.

வயிற்றுக்கு மருந்து கேட்டால், மனச்சோர்வு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். என்னைப் பைத்தியம் என்று நினைக்கிறாரா?

இல்லை. மருந்துக் கடையில் 'இது டிப்ரஷனுக்கு உள்ளதாச்சே' என்று சொல்லக் கேட்டு, அட்டையைப் பிரிக்காமலே வீட்டில் வைத்துவிட்டவர்களை எனக்குத் தெரியும். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகள், குடலிலிருந்து மேலே போகும் வலிச் செய்தியைத் தணிக்கின்றன. மனச்சோர்வுக்குத் தேவைப்படும் அளவைவிட மிகக் குறைந்த அளவிலேயே அந்த வேலை நடக்கிறது. இங்கிலாந்தில் 463 பேரிடம் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வில், 10 மில்லிகிராமில் தொடங்கித் தேவைக்கேற்ப 30 மில்லிகிராம் வரை ஆறு மாதம் கொடுத்தபோது, மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்களின் வயிற்றுத் தொல்லை நன்றாகக் குறைந்தது.

அதே ஆய்வில் பலர் கவனிக்காத இன்னொரு முடிவு உண்டு. இந்தப் பக்கத்தில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது அதுதான். வயிறு தணிந்தவர்களிடமும் பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றின் மதிப்பெண்களில் மாற்றம் காணப்படவில்லை. அதாவது அந்தக் குறைந்த அளவு வயிற்றுக்கான மருத்துவம். மனச்சோர்வுக்கான மருத்துவம் அல்ல. உங்களுக்கு உண்மையிலேயே மனச்சோர்வு இருந்தால், இரவில் விழுங்கும் 10 மில்லிகிராம் அதைப் பார்த்துக்கொள்ளும் என்று நீங்களும் இருந்துவிடக் கூடாது, உங்கள் மருத்துவரும் இருந்துவிடக் கூடாது. மனச்சோர்வுக்குத் தனியாக, முழு அளவில் மருத்துவம் வேண்டும்.

அப்படிக் கொடுக்கும்போது குடலின் போக்கையும் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியும். செரட்டோனினைக் கூட்டும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகள் சிலருக்கு மலத்தை இளக்கும். பேதி உள்ளவருக்கு அவை தொல்லை தரலாம், மலச்சிக்கல் உள்ளவருக்கு அதுவே அனுகூலம். அமிட்ரிப்டிலின் வகை மலத்தை இறுக்கும். மனநல மருத்துவரிடம் போகும்போது உங்கள் வயிறு எந்த வகை என்பதைக் கூச்சப்படாமல் சொல்ல வேண்டியது இதற்காகத்தான்.

இந்த மாத்திரைகளுக்கு அடிமையாகிவிடுவோமா?

மேலே சொன்ன இரு வகைகளும் போதை தருபவை அல்ல. அளவைக் கூட்டிக்கொண்டே போகச் சொல்லி உடல் கேட்பதில்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல் வரும் என்பதால் மருத்துவர் சொல்லும்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். பக்க விளைவுகளோ முதல் வாரத்திலேயே தெரியும். வாய் உலர்தல், காலையில் தூக்கக் கலக்கம், குமட்டல் ஆகியவை அவற்றில் சில. பலர் கைவிடுவது இந்த இடைவெளியில்தான். கண் அழுத்த நோய், புராஸ்டேட் தொல்லை, இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் அமிட்ரிப்டிலின் தொடங்குமுன் அதைச் சொல்லிவிட வேண்டும்.

பழகிப்போகும் அபாயம் வேறொரு மருந்தில் உண்டு. பதற்றத்தைத் தணிக்கும் குளோர்டயசிபாக்சைடு கலந்த வயிற்று மாத்திரைகள் இங்கே அடிக்கடி எழுதப்படுகின்றன. அவை உடனே ஆறுதல் தருவதால், பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பொருள் நீண்ட நாள் உட்கொண்டால் பழக்கமாகும். உங்கள் மாத்திரை அட்டையில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எத்தனை நாளுக்கு என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பேச்சு மருத்துவம் வயிற்றுக்கு எப்படி உதவும்?

அறிவுரை சொல்லி அனுப்புவது பேச்சு மருத்துவம் அல்ல. எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சி.பி.டி. என்னும் முறையில், 'வழியில் வந்துவிடும், எல்லார் முன்னாலும் அவமானப்படுவேன்' என்ற எண்ணம் எப்போது எழுகிறது, எழுந்ததும் நாம் எதைத் தவிர்க்கிறோம், தவிர்த்ததால் பயம் எப்படி வளர்ந்தது என்று ஒவ்வொரு வாரமும் எழுதிப் பார்த்து, விட்டவற்றைச் சிறிது சிறிதாகத் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். முதல் வாரம் இரண்டு நிலையம், அடுத்த வாரம் நான்கு நிலையம் என்று நான் கிண்டி வரை போய்ச் சேர ஒன்றரை மாதம் ஆயிற்று. இங்கிலாந்தில் 558 பேரிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வு, தொலைபேசி வழியாகவும் இணையம் வழியாகவும் இதைக் கொடுத்தாலும் ஓராண்டுக்குப் பின்னும் பலன் நிற்பதைக் காட்டியது. வயிற்றை மையமாக வைத்த ஹிப்னாசிஸ் முறையும் 1984 முதல் ஆராயப்பட்டுப் பலன் கண்டது. ஆனால் அதற்கென்று முறையாகப் பயின்றவர்கள் இங்கே குறைவு.

உணவை மாற்றினால் மனமும் சரியாகுமா?

வயிறு தணிந்தால் மனத்துக்கும் ஓய்வு கிடைக்கும். ஆனால் உணவுக் கட்டுப்பாடு மனச்சோர்வைக் கூட்டுவதையும் பார்த்திருக்கிறேன். மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான 'ஃபாட்மேப்' குறைந்த உணவு முறை, குடலில் எளிதில் புளித்து வாயுவாகும் சில சர்க்கரைகளைக் குறைக்கிறது. நம் சமையலில் வெங்காயம், பூண்டு, கோதுமை, கொண்டைக்கடலை, பால், மாம்பழம் ஆகியவை அந்தப் பட்டியலில் வருகின்றன. அரிசி, கேரட், கத்தரிக்காய், வெள்ளரிக்காய் ஆகியவை பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். இந்த விஷயத்தில் சோற்றுக்காரர்களாகிய நாம் சற்றே அதிர்ஷ்டசாலிகள். பூண்டிலுள்ள அந்தச் சர்க்கரை நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே ரசத்தில் தட்டிப் போட்ட பூண்டு தொல்லை தரும். எண்ணெயில் பொரித்துப் பற்களை எடுத்துவிட்டால் மணம் மட்டும் தங்கும்.

இந்த முறை இரண்டு முதல் ஆறு வாரத்துக்கு மட்டுமே. அதன் பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்த்து, எது உங்களுக்கு ஆகவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். இங்கே பலர் முதல் பகுதியிலேயே ஆண்டுக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். எல்லோரும் சாம்பார் ஊற்றிச் சாப்பிடும் வீட்டில் ஒருவர் மட்டும் மோர் சோற்றோடு தனியே உட்கார்வது உடலை மெலிவிக்கும், மனத்தையும் ஒடுக்கும். மனச்சோர்வு கடுமையாக இருப்பவர்களும் ஏற்கெனவே எடை குறைந்தவர்களும் இதை உணவு ஆலோசகர் துணையின்றித் தொடங்க வேண்டாம். இசப்கோல், காபியைக் குறைத்தல், நேரத்துக்குச் சாப்பிடுதல் போன்ற எளியவற்றை முதலில் முயலலாம். மாலையில் அரை மணி நேரம் பூங்காவிலோ கடற்கரையிலோ நடப்பது வயிறு, மனம் இரண்டுக்குமே உதவும் என்பதற்குச் சான்று இருக்கிறது.

ஐ.பி.எஸ். என்று நினைத்து வேறு நோயைத் தவறவிட்டுவிடுவோமா?

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், காய்ச்சல், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, நாற்பத்தைந்து அல்லது ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தொல்லை, குடும்பத்தில் குடல் புற்றுநோய் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் மீண்டும் காட்ட வேண்டும். நம் நாட்டில் வயிற்றுக் காசநோயும் இப்படி வருவதுண்டு. இவை எதுவும் இல்லாமல், ஒருமுறை முறையாகப் பார்த்து முடித்த பின், ஆண்டுக்கு ஆண்டு கொலனோஸ்கோப்பி செய்துகொண்டே இருப்பதால் பயன் இல்லை. ஒவ்வொரு முறை 'நார்மல்' என்று வரும்போதும் மனம்தான் மேலும் உடைகிறது.

வீட்டில் ஒருவருக்கு இப்படி இருந்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

'எல்லாருக்கும்தான் வயிறு கலக்குகிறது' என்று சொல்லாதீர்கள். கழிவறைக் கதவைத் தட்டி 'இன்னும் எவ்வளவு நேரம்' என்று கேட்காதீர்கள். கல்யாணத்துக்குப் பார்க்கிற வீட்டாரிடம் மறைக்கச் சொல்லி நோயுள்ளவரைக் குற்றவாளிபோல் உணரச் செய்யாதீர்கள். என் அக்கா ஒரு நாள் என் அருகே வந்து உட்கார்ந்து, 'வயிற்றை விடுடா, நீ எப்படி இருக்கே?' என்று கேட்டாள். அதற்கு முன் யாரும் அப்படிக் கேட்டதில்லை. மறுநாள் அவளே கூட வந்து என்னை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனாள்.

சென்னையில் எங்கே போவது? செலவு அதிகமாகுமா?

சென்ட்ரல் எதிரிலுள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லி மருத்துவமனையிலும் குடல் நோய்ப் பிரிவும் மனநலப் பிரிவும் ஒரே வளாகத்தில் உள்ளன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சீட்டு எழுதித் தரும்படி நீங்களே கேட்கலாம். கீழ்ப்பாக்கத்திலுள்ள மனநலக் காப்பகத்தின் தொடக்கம் 1794-ஐச் சேர்ந்தது. அங்கே போவதென்றாலே வாழ்நாள் முத்திரை என்று நம் ஊரில் ஒரு பயம் தலைமுறைகளாக இருக்கிறது. அதன் புறநோயாளிப் பிரிவுக்கு வந்து மாத்திரை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். நேரில் போகத் தயங்கினால், 2022-இல் தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். காப்பீடு வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்குக் காப்பீடு கொடுக்கும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் கொடுக்க வேண்டும் என்கிறது.

வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது. இதை யாரிடம் சொல்வது?

இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். ஐ.பி.எஸ். உயிரைப் பறிக்கும் நோய் அல்ல என்பதால் மருத்துவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். ஆனால் 'இது எப்போதுமே சரியாகாது' என்ற நம்பிக்கையின்மை இந்த நோயாளிகளில் சிலரைத் தற்கொலை எண்ணம் வரை கொண்டுபோகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த எண்ணம் உங்கள் குணம் அல்ல, மனச்சோர்வின் அறிகுறி. மருத்துவத்தால் அது விலகும். எனக்கு விலகியது.

மேலே சொன்ன 14416 எண்ணையோ, அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-ஐயோ அழைக்கலாம். 1986 முதல் சென்னையில் இயங்கும் 'சினேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. உடனடி ஆபத்து என்றால் அருகிலுள்ள அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். உடன் இருப்பவர்களுக்கு: நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று அஞ்ச வேண்டாம், கேட்பது பாரத்தை இறக்குகிறது. அமிட்ரிப்டிலின் அளவு மீறினால் ஆபத்தானது என்பதால், வீட்டில் உள்ள மாத்திரைகளைச் சில வாரங்களுக்கு வேறொருவர் பொறுப்பில் வையுங்கள்.

மருத்துவர் ஐந்து நிமிடம்தான் ஒதுக்குகிறார். அதற்குள் எப்படிச் சொல்வது?

எழுதிக்கொண்டு போங்கள். வயிற்றைப் பற்றி மூன்று வரி: எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை முறை, பேதியா மலச்சிக்கலா. அதன் கீழே மனத்தைப் பற்றி மூன்று வரி: தூக்கம் எப்படி, எதில் ஆர்வம் போயிற்று, எவற்றையெல்லாம் விட்டுவிட்டேன். மனத்தைக் கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தால், கதவருகில் நின்று சொல்ல நேரும். அதற்குள் அடுத்தவர் உள்ளே வந்துவிடுவார். நாற்காலியில் உட்கார்ந்தவுடன் முதல் வாக்கியமாகவே சொல்லிவிடலாம்: 'டாக்டர், வயிறு மூன்று வருடமாகச் சரியில்லை, நான்கு மாதமாக மனமும் சரியில்லை. இரண்டையும் நீங்கள் பார்க்க வேண்டும், அல்லது மனத்துக்கு யாரைப் பார்ப்பது என்று எழுதித் தர வேண்டும்.'